எதிரியை மிச்சம் வைக்காத வினைச்சொல்

ரோமானிய நாடகக்காரர் பிளாத்துஸ் எழுதிய ‘ஆம்ஃபித்ருவோ’வில் சோசியா என்றொரு அடிமை வருகிறான். போரை முடித்துக்கொண்டு கப்பல் துறைமுகம் சேர்ந்த அன்றிரவே, வெற்றிச் செய்தியை வீட்டு எஜமானியிடம் சொல்லிவிட்டு வா என்று தளபதி அவனை விரட்டிவிடுகிறார். கையில் விளக்கோடு இருட்டில் தனியாக நடந்து வருகிறவன், வீட்டை நெருங்கியதும் நின்று, எஜமானி முன்னால் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறான். அடிமை பேசும் பேச்சாக அது இல்லை. வெற்றி வாகை சூடிய தளபதிகள் பலகையில் பொறித்து வைக்கும் வாசகத்தின் மிடுக்கு அதில் இருக்கிறது: எதிரியை வென்று படைகள் வீடு திரும்புகின்றன, மாபெரும் போர் அணைந்தது, பகைவர் கொன்றொழிக்கப்பட்டனர்.

‘கொன்றொழிக்கப்பட்டனர்’ என்று நான் எழுதிய இடத்தில் பிளாத்துஸ் வைத்திருக்கும் சொல் ‘இன்டர்நெக்காத்திஸ்’. அதன் வினை வடிவம் ‘இன்டர்நெக்காரே’. லத்தீனில் கொல்வதற்குச் சொற்பஞ்சமே கிடையாது, ஒரு டஜன் வினைகளாவது தேறும். அவற்றில் மிக அரிதாகத் தென்படுவது இது. பழைய நாடகத்தில் தலைகாட்டுகிறது, பிறகு பல நூற்றாண்டு தாண்டி, பேரரசின் கடைசிக் கால எழுத்துகளில் மறுபடி எட்டிப்பார்க்கிறது. நடுவில் வந்த சிசெரோவும் சீசரும் இதன் பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வினையை விட்டுவிட்டார்கள்.

பிளாத்துஸ் அந்தப் பெரிய சொல்லை யார் வாயில் வைத்தார் என்பதில்தான் நகைச்சுவையே இருக்கிறது. பகைவரை அடியோடு ஒழித்த கதையைச் சொல்லும் இந்த ஆள் போரைப் பார்க்கவே இல்லை. அடுத்த சில வரிகளிலேயே அவனே சொல்லிவிடுகிறான்: அவர்கள் மும்முரமாகச் சண்டை போட்டபோது நான் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தேன், ஆனாலும் கேள்விப்பட்டதை வைத்துக் கூடவே இருந்தவன் மாதிரி சொல்லப்போகிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளி, அன்றைய சண்டை பொழுது சாயும்வரை நீடித்தது தனக்கு நன்றாக நினைவிருப்பதற்குக் காரணமும் சொல்கிறான். அன்றைக்கு மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். கார்த்தேஜோடு நடந்த நெடும்போர்களைப் பார்த்த தலைமுறை அது. வெற்றி அறிக்கை எப்படி ஒலிக்கும், அதில் எத்தனை பங்கு காற்று என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதே வரியில் போருக்குப் பிளாத்துஸ் போடும் சொல் ‘துவெல்லும்’. அவர் காலத்திலேயே பழமை வாடை அடித்த வடிவம். இன்டர்நெக்காரேயும் அதே பெட்டியிலிருந்து எடுத்த நகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தையில் யாரும் பேசாத, கல்லில் மட்டும் அழகாக இருக்கிற சொல்.

இந்தச் சொல்லை இரண்டாக உடைத்தால் ‘இன்டர்’ ஒரு பக்கம், ‘நெக்காரே’ ஒரு பக்கம். முதலில் பின்பாதி.

நெக்காரே என்றால் கொல்லுதல், சாகடித்தல். இதன் வேரில் உள்ள ‘நெக்’ என்பது இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய சொத்து. கிரேக்கத்தில் பிணத்துக்கு ‘நெக்ரோஸ்’ என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். சமஸ்கிருதத்தில் இதே வேர் ‘நஸ்’, அதாவது அழிதல். அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது ‘நாசம்’. ‘நாசமாப் போக’ என்று தெருவில் சாபம் விடுகிறவரும் சோசியாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொல்லைத்தான் கையாள்கிறார்கள். இன்னொரு கிளை ‘நொக்கேரே’, தீங்கு செய்தல். இது சமஸ்கிருதத்தின் ‘நாசயதி’, அதாவது அழியச் செய்கிறான் என்பதற்கு அச்சு அசலான இணை, வார்ப்பு கூட ஒன்றே. தீங்கு செய்யாதவன் என்ற பொருளில் அதிலிருந்து பிறந்ததுதான், நாம் நாளைக்கு நாலு தடவை சொல்லும் ‘இன்னசென்ட்’.

ஆனால் நெக்காரேயை எல்லாக் கொலைக்கும் ரோமானியர்கள் போட்டுவிடவில்லை. ரோமானியச் சொற்களுக்கு விளக்கம் எழுதிய ஃபெஸ்துஸ் ஒரு வித்தியாசத்தைக் குறித்து வைத்திருக்கிறார். வெட்டியோ அடித்தோ கொன்றால் ஒரு சொல், காயமே படாமல் கொன்றால் நெக்காரே. விஷம் வைத்தோ பட்டினி போட்டோ சாகடிப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். வெட்டிச் சாய்ப்பதற்குரிய சொல் ‘ஒக்கீதெரே’. அதற்குள் இருக்கும் ‘கைதெரே’ என்றால் வெட்டு, அடி. ஆயுதம் உடலில் இறங்கும் சத்தம் அந்தச் சொல்லிலேயே கேட்கும். நெக்காரேயில் அந்தச் சத்தம் இல்லை.

இலக்கணக்காரர்கள் வகுக்கும் இப்படிப்பட்ட விதிகளை எழுத்தாளர்கள் எப்போதும் மதித்ததில்லை. லத்தீனிலும் விதிவிலக்கு நிறைய உண்டு. ஆனால் பழைய சட்டங்களையும் வரலாற்று நூல்களையும் புரட்டினால் ஃபெஸ்துஸ் சும்மா சொல்லவில்லை என்பது தெரிகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டதாக மரபு கூறும் பன்னிரு பலகைச் சட்டம், வீட்டுக்கோ வீட்டை ஒட்டிய தானியக் குவியலுக்கோ வேண்டுமென்றே தீ வைத்தவனைக் கட்டி, கசையால் அடித்து, தீயில் ‘நெக்காரே’ செய்யச் சொல்கிறது. இரவில் திருட்டுத்தனமாக அடுத்தவர் பயிரை மேய்த்தவனை, அறுத்தவனை, விளைச்சல் தெய்வமான கெரெஸுக்காகத் தொங்கவிட்டு ‘நெக்காரே’ செய்யச் சொல்கிறது. கத்தி எங்கும் இல்லை. நெருப்பு, கயிறு, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம் வரலாற்றாசிரியர் லிவியிடம் இருக்கிறது. கி.மு. 216, கன்னே போரில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோம் மண்ணைக் கவ்விய ஆண்டு. ஊரெல்லாம் பீதி. அந்த வருடம் வெஸ்தா கோயிலின் கன்னிப் பூசாரிகளில் இரண்டு பேர், ஒபிமியாவும் ஃப்ளொரோனியாவும், ஒழுக்கம் தவறினார்கள் என்று தீர்ப்பாகிறது. ஒருத்தி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். மற்றவளை ரோம் நகரின் ‘கொல்லினா’ என்ற வாயிலருகே, வழக்கப்படி, மண்ணுக்கு அடியில் இறக்குகிறார்கள். அதற்கு லிவி போடும் சொல் நெக்காரே. வெஸ்தா கன்னியின் ரத்தம் மண்ணில் விழக்கூடாது என்பதால், நிலவறையில் வைத்து மூடி மெல்லச் சாக விடுவதே முறை. ஃப்ளொரோனியாவோடு உறவு வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட எழுத்தன் ஒருவனைத் தலைமைப் பூசாரியே பொது வெளியில் பிரம்பால் அடிக்கிறார், அடிபடும்போதே அவன் உயிர் போகிறது. அங்கே லிவியின் சொல் கைதெரே, அடித்தல். ஒரே குற்றம், ஒரே வாக்கியத் தொடர், இரண்டு சாவு, இரண்டு வினை.

குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகள் மேல் ரோமானியச் சட்டம் கொடுத்திருந்த அதிகாரத்தின் பெயரிலும் இந்த வேர்தான் உட்கார்ந்திருக்கிறது: வாழ்வு, சாவு இரண்டின் மீதும் அதிகாரம். அதில் ‘சாவு’ என்ற இடத்தில் வருவது ‘நெக்ஸ்’. இயல்பான மரணத்துக்குரிய ‘மோர்ஸ்’ அங்கே வராது. கி.மு. 485இல் அரசனாகப் பார்த்தார் என்ற பழியில் இறந்த ஸ்பூரியுஸ் கஸ்ஸியுஸைப் பற்றி லிவி இரண்டு கதைகள் சொல்கிறார். அவற்றில் ஒன்றின்படி, அவருடைய தகப்பனாரே வீட்டில் விசாரணை நடத்தி, கசையால் அடித்து, மகனைக் கொன்றார். அங்கேயும் நெக்காரே. மொத்தத்தில் இந்த வினைக்கு எழுவாயாக வருகிறவர்கள் பெரும்பாலும் கொலைகாரர்கள் அல்ல. சட்டம், பூசாரி, தகப்பன். கொல்ல உரிமை உள்ளவர்கள், அல்லது உரிமை இருப்பதாக நினைத்தவர்கள்.

அந்த உரிமையை ஒரு சட்ட வல்லுநர் பிற்பாடு திருப்பிப் போட்டது சுவாரசியமான கதை. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த பவுலுஸின் ஒரு வாக்கியம், 533இல் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் பிழைத்திருக்கிறது. பிறந்த குழந்தையை மூச்சுத் திணறடிப்பவன் மட்டும் ‘நெக்காரே’ செய்கிறவன் அல்ல. அதைத் தூக்கி எறிகிறவனும், அதற்குச் சோறு கொடுக்க மறுக்கிறவனும், தன்னிடம் இல்லாத இரக்கம் மற்றவரிடம் இருக்கும் என்று பொது இடத்தில் விட்டுவிட்டுப் போகிறவனும் அதையே செய்கிறான் என்கிறார். காயமில்லாக் கொலைக்கான சொல் என்பதால்தான் அவரால் அதை இவ்வளவு தூரம் இழுக்க முடிந்திருக்கிறது. ஒக்கீதெரேயை வைத்து இந்த வாதத்தைக் கட்டியிருக்கவே முடியாது. லத்தீனில் எழுதப்பட்ட சட்ட வாக்கியங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது.

இப்போது முன்பாதி. ‘இன்டர்’ என்றால் இடையில், நடுவில் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பொருளை வைத்து இன்டர்நெக்காரேயைப் பிரித்தால் ‘தங்களுக்குள் கொன்றுகொள்ளுதல்’ என்று வரும். அங்கேதான் பலரும் வழுக்கினார்கள். சோசியாவின் வரியில் தங்களுக்குள் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பக்கம் வென்றவன், அந்தப் பக்கம் மிச்சமில்லாமல் செத்தவன். வேறெப்படியும் அதைப் படிக்க முடியாது.

லத்தீனில் சாவோடு சேரும்போது ‘இன்டர்’ வேறு வேலை பார்க்கிறது. ‘ஈரே’ என்றால் போதல், ‘இன்டரீரே’ என்றால் அழிந்துபோதல். ‘எமெரே’ என்றால் எடுத்தல், ‘இன்டரிமெரே’ என்றால் உயிரை எடுத்தல். ‘ஃபக்கெரே’ என்றால் செய்தல், ‘இன்டர்ஃபிக்கெரே’ என்றால் கொல்லுதல். லத்தீன் உரைநடையில் கொலைக்கு மிகச் சாதாரணமாகப் புழங்கும் சொல் இதுதான். ‘இடையில் செய்தல்’ எப்படிக் கொலையாகும்?

விடை சமஸ்கிருதத்தின் பக்கம் இருக்கிறது, தமிழ் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான ஒரு சொல்லில். சமஸ்கிருத ‘அந்தர்’ லத்தீன் ‘இன்டர்’ரின் உடன்பிறப்பு. சமஸ்கிருத ‘தா’, வைத்தல், லத்தீன் ‘ஃபக்கெரே’யின் வேரோடு ஒன்று. அந்தப் பக்கம் கனத்த தகரம் வரும் இடத்தில் இந்தப் பக்கம் சொல்லின் முதலில் ஃபகரம் வருவது வாடிக்கை. தூமம் என்கிற புகை லத்தீனில் ‘ஃபூமுஸ்’ ஆனது அப்படித்தான். ஆக, இன்டர்ஃபிக்கெரேயை உறுப்பு உறுப்பாகச் சமஸ்கிருதத்தில் திருப்பினால் ‘அந்தர்-தா’. புராணக் கதைகளில் வரம் கொடுத்த கையோடு கடவுள் ‘அந்தர்த்தானம்’ ஆவாரே, அதே சொல். நடுவில் ஒரு திரையைப் போட்டு மறைத்தல், கண்ணுக்கு எட்டாமல் ஆக்குதல். இந்தியாவில் அது தெய்வம் மறைவதற்கு ஆயிற்று, ரோமில் ஆளை மறையச் செய்வதற்கு ஆயிற்று.

இப்படிக் குறுக்கே புகுந்து துண்டிக்கும் பொருள் லத்தீனின் மற்ற சொற்களிலும் ஒட்டியிருக்கிறது. ஒருவனை நாடு கடத்த வேண்டுமென்றால் ரோமானியர்கள் அவனுக்கு ‘நெருப்பையும் நீரையும் விலக்கி’ ஆணை போடுவார்கள். கி.மு. 58இல் சிசெரோவையே அப்படித்தான் துரத்தினார்கள். அந்த ‘விலக்கி’க்கு லத்தீனில் ‘இன்டர்திக்கெரே’, இடையில் சொல்லுதல், அதாவது சொல்லால் குறுக்கே சுவர் எழுப்புதல். இன்டர்ஃபிக்கெரேக்கும் தொடக்கத்தில் மனிதன்தான் செயப்படுபொருளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. கவிஞர் வர்ஜில் அதைப் பயிரை அழிப்பதற்குக் கூடப் பயன்படுத்துகிறார்.

இன்டர்நெக்காரேயில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். நெக்காரே ஏற்கெனவே கொல்லும் சொல். அதற்கு மேல் ‘இன்டர்’ வந்து ஒட்டினால் கொலையைக் கொலையாக்க வேண்டிய வேலை அதற்கு இல்லை. எதுவரை என்பதைச் சொல்வது மட்டுமே மிச்ச வேலை. தமிழில் இதற்குத் துணைவினை இருக்கிறது. கொன்றான் என்றால் ஒருவனை. கொன்றொழித்தான், கொன்று தீர்த்தான் என்றால் இருந்த அத்தனை பேரையும். ‘ஒழி’யும் ‘தீர்’ரும் நம் வாக்கியத்தின் வாலில் செய்வதை லத்தீன்காரர் சொல்லின் தலையில் ‘இன்டர்’ வைத்துச் செய்தார்.

அதே நெக்காரேக்கு ‘எ’ என்ற முன்னொட்டும் உண்டு. ‘எனெக்காரே’, சாகும்வரை வதைத்தல். பசியால் குற்றுயிராகக் கிடப்பவர்களுக்கு வரலாற்றாசிரியர்கள் இதைப் போடுகிறார்கள். ஆனால் நகைச்சுவை நாடகங்களில் இது வேறு அவதாரம் எடுக்கிறது. தொணதொணப்பவனைப் பார்த்து எதிரில் நிற்பவன் எரிச்சலில் கத்துவது ‘எனிக்காஸ்’. ‘ஏன்டா என் உயிரை வாங்குற’ என்பதைத் தவிர அதற்குச் சரியான தமிழ் இல்லை. இந்தச் சரிவு இன்டர்நெக்காரேக்கு நேரவில்லை. அது வீட்டுக்குள் வரவே இல்லை. அதன் செயப்படுபொருள் எப்போதும் கூட்டம்தான். ஓர் ஆளை இன்டர்நெக்காரே செய்வது, ஒருவனை ‘இனப்படுகொலை செய்தான்’ என்பது போல ஒட்டாது.

வினை அரிதானதற்கு அதன் பெயர்ச்சொல்லே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘இன்டர்நெக்கியோ’, அடியோடு அழிதல். ‘இன்டர்நெக்கியோ வரைக்கும் வெட்டப்பட்டார்கள்’ என்று ஒரு தயார் தொடர் போர் வரலாற்றில் உருவாகிவிட்டது. வெட்டுவதற்கு வழக்கமான வினை, எதுவரை என்பதற்கு இந்தப் பெயர்ச்சொல். இரண்டும் சேர்ந்து பழைய வினையின் வேலையை எடுத்துக்கொண்டன. அலுவலக மொழிக்கு எப்போதும் பெயர்ச்சொல்தான் பிடிக்கும், ரோமானியப் படைத்தலைமையும் அலுவலகம்தானே.

கி.மு. 58. இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதியில் இருந்த ஹெல்வெத்தியர்களின் தூதராக வயது முதிர்ந்த தலைவர் திவிக்கோ சீசரைச் சந்திக்கிறார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், கி.மு. 107இல், ரோமானியத் தளபதி கஸ்ஸியுஸைக் கொன்று அவருடைய படையை நுகத்தடிக்குக் கீழே குனிந்து போகவைத்த போரில் தலைமை தாங்கியவர் இவர். சீசரை அவர் எச்சரிக்கும் விதம்: நாம் நின்றுகொண்டிருக்கும் இந்த இடம், ரோமானிய மக்களின் பேரிடராலும் ஒரு படையின் இன்டர்நெக்கியோவாலும் பெயர் வாங்கும்படி செய்துவிடாதே. ஒரு பக்கப் படை முழுசாகச் சாவதுதான் இங்கே பேச்சு. பரஸ்பரம் என்ற வாடையே இல்லை.

அடுத்த ஆண்டு சீசரே இந்தச் சொல்லை எடுக்கிறார். இன்றைய பெல்ஜியத்தையும் வட பிரான்சையும் ஒட்டிய பகுதியில் இருந்த நெர்வியர்கள், சாபிஸ் ஆற்றங்கரையில் ரோமானியர்கள் முகாம் போட்டுக்கொண்டிருந்தபோது பாய்ந்தார்கள். சீசரே கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்கு ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் நெர்வியர்கள் தோற்றார்கள். சதுப்பு நிலத்தில் பெண்கள், குழந்தைகளோடு ஒளித்து வைக்கப்பட்டிருந்த முதியவர்கள் சரணடையத் தூது அனுப்பி, கணக்குச் சொன்னார்கள்: 600 மூத்தோர் சபை உறுப்பினர்களில் 3 பேர் மிச்சம், ஆயுதம் தூக்கக்கூடிய 60,000 பேரில் ஏறக்குறைய 500 பேர் மிச்சம். நெர்வியர் என்ற இனமும் பெயரும் கிட்டத்தட்ட இன்டர்நெக்கியோ நிலைக்கு வந்துவிட்டது என்று சீசர் எழுதுகிறார். அந்த வருட வெற்றிகளுக்காக ரோமில் 15 நாள் நன்றி விழா. அதுவரை யாருக்கும் கிடைக்காத கௌரவம் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார்.

‘கிட்டத்தட்ட’வைக் கவனிக்க வேண்டும். மூன்றே ஆண்டில், கி.மு. 54 குளிர்காலத்தில், இதே நெர்வியர்கள் சிசெரோவின் தம்பி குவின்துஸின் முகாமைச் சுற்றி வளைக்கிறார்கள். மற்ற இனத்தாரும் சேர்ந்த அந்தப் படையின் அளவு என்று சீசர் தரும் எண் மறுபடியும் சுமார் 60,000. அதற்கடுத்த ஆண்டு சீசர் நான்கு படையணிகளோடு நெர்வியர் நாட்டுக்குள் புகுந்து மீண்டும் சூறையாடுகிறார். கி.மு. 52இல் சீசர் முற்றுகையிட்ட அலேசியா நகரை மீட்க கால் நாட்டு இனங்கள் பெரும் படை திரட்டியபோது நெர்வியர்களுக்குப் போட்ட பங்கு 5,000 வீரர்கள். 500 பேர் மட்டும் மிஞ்சிய இனம் ஐந்தே ஆண்டில் 5,000 பேரை அனுப்ப முடியாது. பேரரசுக் காலத்தில் நெர்வியர் பெயரிலேயே ரோமானியத் துணைப்படைகள் பிரிட்டனில் காவல் நின்றன. சரணடைய வந்த முதியவர்கள் இரக்கம் கிடைக்கட்டும் என்று எண்ணைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். சீசருக்கும் அந்த எண் வசதியாக இருந்தது. திருத்த வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. சண்டையே பார்க்காத சோசியா எஜமானிக்காகத் தயாரித்த அறிக்கைக்கும், சண்டையின் நடுவில் நின்றவர் தலைநகருக்கு எழுதிய அறிக்கைக்கும் இந்த ஒரு சொல்லில் மட்டும் அவ்வளவு தூரமில்லை.

சொல் மெய்யாகவே பலித்த இடமும் உண்டு, அங்கே தொனி மாறிவிடுகிறது. கி.மு. 314. இத்தாலியில் அவுசோனா, மின்துர்னே, வெஸ்கியா என்ற மூன்று ஊர்கள். அந்த ஊர்களின் உயர்குடி இளைஞர்கள் பன்னிரண்டு பேர் ரோமானியரோடு கைகோத்து, காட்டிக்கொடுக்கிறார்கள். மூன்றும் ஒரே வேளையில், ஒரே திட்டத்தில் விழுகின்றன. ஆனால் தாக்குதல் நடந்தபோது தளபதிகள் அங்கே இல்லை, அதனால் வெட்டுக்கு அளவே இல்லாமல் போயிற்று என்கிறார் லிவி. கிளர்ச்சி செய்தார்கள் என்பதே சரியாக நிரூபணமாகாத குற்றச்சாட்டு. இருந்தும், ‘இன்டர்நெக்கீவும்’ போரில் மோதியது போல அவுசோனியர் இனமே துடைக்கப்பட்டது. அந்த உரிச்சொல்லுக்கு ஒரு தரப்பு மிச்சமின்றி அழியும்வரை நடக்கும் போர் என்று பொருள். ரோமைப் பற்றி ரோமானியரே இப்படி எழுதுவது அபூர்வம். லிவி பெருமைப்படவில்லை, கூசுகிறார்.

முன்னொட்டு சேர்ந்த சொல் நூல்களுக்குள் ஒடுங்கிக் கிடக்க, முன்னொட்டு இல்லாத நெக்காரே மக்கள் வாயில் வேறு திசையில் போனது. காயமில்லாமல் கொல்வது என்ற பழைய பொருள் மெல்ல மெல்ல மூச்சை அடைத்துக் கொல்வது என்று குறுகியது. 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட பர்கண்டியர் சட்டம், முறைப்படி மணந்த கணவனை விட்டுப் போகும் பெண்ணைச் சேற்றில் ‘நெக்காரே’ செய்யச் சொல்கிறது. சேற்றிலிருந்து தண்ணீருக்கு ஓர் அடிதான். இன்று பிரெஞ்சில் ‘நுவாயே’, இத்தாலியனில் ‘அன்னெகாரே’, ருமேனியனில் ‘அ இனெக்கா’, எல்லாமே நீரில் மூழ்கடித்துக் கொல்வதற்கான சொற்கள், எல்லாமே நெக்காரேயின் வாரிசுகள். ஸ்பானியத்தில் ‘அனெகார்’ வெள்ளக்காடாக்குவதற்கும் ஆகிறது. வெஸ்தா கன்னியை மண்ணுக்குள் இறக்கப் பயன்பட்ட வினை, கடற்கரை எச்சரிக்கைப் பலகையில் வந்து நிற்கிறது.

இன்டர்நெக்காரேக்கு இப்படி மக்கள் வழி வாரிசு கிடையாது. அது புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவித்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்த ‘இன்டர்நெசைன்’ அப்போது லத்தீன் பொருளிலேயே இருந்தது: ரத்த ஆறு ஓடும், ஒருவரையும் மிச்சம் வைக்காத போர். 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டபோது இந்தச் சொல்லுக்கு ‘ஒருவரையொருவர் அழிக்க முயல்கிற’ என்று பொருள் எழுதினார். தலையிலிருந்த ‘இன்டர்’ அவரை ஏமாற்றிவிட்டது. லத்தீனில் கரைகண்டவர்தான். ஆனால் ஆங்கிலத்தில் ‘இன்டர்’ என்று தொடங்கும் சொற்கள் பலவும் பரஸ்பரத்தைப் பேசும்போது, இது ஒன்று மட்டும் வேறு என்று அந்த நிமிடம் தோன்றவில்லை. அவருடைய அகராதிக்கு இருந்த மதிப்பில் பொருள் ஊன்றிவிட்டது. பிறகு அது இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஒரே கூட்டத்துக்குள் நடக்கும் சண்டை என்று ஆகி, ரத்தம் கூடச் சிந்த வேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்தது. இப்போது கட்சி அலுவலகத்தில் நாற்காலி வீசிக்கொண்டால் கூட ஆங்கில நாளிதழ் இந்தச் சொல்லைத் தாராளமாகப் போடுகிறது.

பிழையில் பிறந்த பொருள் என்பதால் இன்றைய பயன்பாட்டைத் தவறு என்று அடிக்க நான் தயாரில்லை. 250 ஆண்டுகளுக்கு மேலாக லட்சக்கணக்கானவர்கள் பேசும் பொருள்தான் அந்தச் சொல்லின் பொருள். மொழிபெயர்க்கிறவர்களுக்குத்தான் இதில் ஒரு நடைமுறைத் தலைவலி உண்டு. இன்றைய செய்தியில் இது வந்தால் கோஷ்டிப் பூசல் என்றோ உட்பகை என்றோ தமிழில் எழுதிவிட்டுப் போகலாம், தப்பே இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பனுவலில் அதே சொல் வந்தால், முதலில் அங்கே யார் யாரோடு மோதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு தரப்பு மற்றதை முழுசாக அழிக்கப் பார்க்கிறது என்பதுதான் அங்கே பொருளாக இருக்கும். லத்தீன் மூலத்திலேயே வந்தால் யோசிக்கவே வேண்டாம்: கொன்றொழித்தல்.